யார் அடித்தது என்று கேட்கக் கூடாத மணி

யசோதரா சிஸ்டருக்கு வாய் நீளம். கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் அவர் குரல் எழும்பினால், கீழே கேன்டீனில் டீ ஆற்றுகிறவர்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிடுவார். அவரிடம் வருஷக்கணக்கில் திட்டு வாங்கிய நர்ஸ் நான். ஆனாலும் அவரைப் புகழத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாலகாட்டில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா ராஜு, சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் கூண்டை, அதாவது கேஜை, ஏற்றி இறக்கும் இடத்தில் மணி அடிக்கிற வேலை பார்த்தவர். கேஜ் ஓடும்போது ஒரு மணி அடித்தால் இன்ஜின்காரர் உடனே நிறுத்த வேண்டும். யார் அடித்தது என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

ரத்தத்தில் கிருமி பரவி உடம்பையே சாய்த்துவிடுகிற செப்சிஸில் ஒரு பெண்ணை நாங்கள் பறிகொடுத்தோம். சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. யார் முதலில் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் வார்டு மேஜையில் சிஸ்டர் ஒரு பித்தளை மணியைக் கொண்டுவந்து வைத்தார். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அடித்ததும் ஒருவர் பிரஷர் பார்க்க வேண்டும், ஒருவர் ரத்தம் எடுக்க வேண்டும், ஒருவர் டிரிப் ஏற்ற வேண்டும், ஒருவர் டாக்டரைக் கூப்பிட வேண்டும். சந்தேகம் பொய்யாகி வெறும் மணியாகப் போனாலும் திட்டு கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிஸ்டர் வாயைக் கட்டிக்கொண்டார்.

"இன்னா சிஸ்டர், கோயிலா இது?" என்று சிரித்தவர் நோயல். எங்களோடு வேலை பார்க்கும் நர்ஸ்.

போன மழைக்காலத்தில் மாரிகுப்பம் முனியப்பன் காலில் புண்ணோடு வந்து சேர்ந்தார். பழைய சுரங்கத் தொழிலாளி. ஒருநாள் காலையில் அவருக்கு மூச்சு இரைத்தது.

"அவரு எப்பவும் இப்டித்தான் இரைப்பாரு சிஸ்டர். மைன்ஸ் தூசு," என்றார் மனைவி பாப்பம்மா.

"எங்கப்பாவும் இதே மாரிதாம்மா," என்றபடி சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் கிழவர்கள் இரைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாப் பழியும் தூசுக்குத்தான்.

மணி அடித்தது.

"யாரு..." என்று வாயெடுத்த சிஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிவந்தார். முனியப்பனின் கை சில்லிட்டிருந்தது. பெயரைக் கேட்டால் உளறினார். பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. தூசு இல்லை, கால் புண்ணின் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. நான் ரத்தம் எடுத்தேன், நோயல் டிரிப் ஏற்றினார், டாக்டர் மமதா படியேறி ஓடிவந்து சொன்ன ஊசியை சிஸ்டரே போட்டார். பாப்பம்மா கட்டில் கம்பியை விடவே இல்லை.

கிழவர் பிழைத்துக்கொண்டார். தெளிந்து உட்கார்ந்த அன்று, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது எல்லோரும் சுற்றி நின்றிருந்தோம்.

"பெல் சத்தம் கேட்டுச்சே, யாரு அடிச்சது?" என்றார் முனியப்பன்.

"அதக் கேக்கக் கூடாது தாத்தா. மைன்ஸ்ல இருந்தவரு, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார் சிஸ்டர்.

கிழவர் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"ஆனா நீங்க தெரிஞ்சிக்கணும். ஒங்க மூச்சப் பாத்துட்டு, தூசுன்னு நான் தாண்டிப் போய்ட்டேன். அடிச்சது இவரு, நோயல்."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியதை யானையே ஊரைக் கூட்டிச் சொல்லி நான் பார்த்ததில்லை. வார்டு முழுக்கக் கேட்கிற அதே குரலில்தான் சொன்னார்.

பாப்பம்மா நோயலின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் நோயல், அன்றைக்கு மேஜைக்குப் போய் அந்த மணியைத் துடைத்து வைத்தார்.