காலையிலேயே குடித்தவன்

போன வருடம் கத்திரி வெயில் நேரம். நெய்வேலியில் ஒரு காண்ட்ராக்டரிடம் நான் சூப்பர்வைசர். கன்வேயர் பெல்ட் ஓரம் சிந்துகிற நிலக்கரியை அள்ளும் ஆட்களைக் கவனிப்பது என் வேலை. ஆள் பற்றாக்குறையால் நானே தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்து ஓய்ந்து போயிருந்தேன்.

அன்று, கம்மாபுரம் பக்கத்து ஆள் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், கம்பியைப் பிடித்தபடி தள்ளாடினார். “குடிச்சிட்டு வந்தியா?” என்று கத்தினேன்.

“இல்லீங்க சார். தலை சுத்திக்கினு வருது. கண்ணு இருட்டுது.”

கிட்டே போய்ப் பார்க்கக்கூட இல்லை. எல்லோர் முன்னாலும் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் இருக்கும். ஒரு காலை கட்டிலில் புரண்டு எழுந்தால் அறையே சுழன்றது. சமாளித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டேன். பஸ் வருகிறதா என்று தலையைத் திருப்பியதுதான் தெரியும், கீழே கிடந்து வாந்தி எடுத்தேன். “காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான்” என்றபடி ஒருவர் விலகிப் போனார். குறிஞ்சிப்பாடியிலிருந்து கீரை விற்க வந்த அம்மாதான் குனிந்து பார்த்து, “வாடையே இல்லியே, முடியாத மனுசன்யா” என்று ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்.

டாக்டர் என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் படுக்கவைத்தார். காதுக்குள் இருக்கும் நுண்ணிய துகள்கள் இடம் மாறியதால் வந்த தலைச்சுற்றலாம். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. “எல்லாருக்கும் காதால வராதுங்க. ரத்தம் குறைஞ்சாலும் வரும், பிரஷர் மாத்திரையால வரும், வெயில்ல தண்ணி குடிக்காம இருந்தாலும் வரும்” என்றார். எனக்கு அந்தக் கம்மாபுரத்துக்காரர் நினைவு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“வுடுங்க சார். அன்னிக்கு வூட்லயே நம்பல” என்றார். அவர் மனைவி தலை குனிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மூல நோயால் மாதக்கணக்காக ரத்தம் போயிருக்கிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. வைத்தியத்தில் தேறிவிட்டார். ஆனால் அவர் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று. எவ்வளவு கேட்டும் அந்த வேலையை நான் திரும்ப வாங்கித்தர முடியவில்லை.

தவறு புரிந்துவிட்டால் மனம் லேசாகிவிடும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. இன்று யார் தடுமாறினாலும் முதலில் உட்காரவைத்து, என்ன செய்கிறது என்று கேட்கிறேன்; அன்று அவரிடம் கேட்காமல் போன அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன் போலிருக்கிறது.