மாடியில் அப்பா கட் ஆகிறார்

அப்பா போய்ப் பல வருஷம் கழித்துத்தான் எங்கள் பட்டாபிராம் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர், "வைஃபைக்கு என்ன பேர் சார் வைக்கிறது?" என்று கேட்டார். அண்ணன் யோசிக்கவே இல்லை, அப்பா பேரைச் சொன்னார். வந்தவர் இங்கிலீஷில் அடிக்கும்போது ஓர் எழுத்தை முழுங்கிவிட்டார். தப்பென்றால் எனக்குப் பொறுக்காது, உடனே சுட்டிக்காட்டினேன். "உடுடா, ரேஷன் கார்டுலயும் அப்டித்தானே கீது" என்றார் அண்ணன். அன்றிலிருந்து அப்பா எங்கள் எல்லார் போனிலும் ஓர் எழுத்து குறைவாகக் குடியிருக்கிறார்.

கல்யாணமான அடுத்த வருஷம் நானும் மனைவியும் மாடிக்குப் போனோம். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை, கீழே இடம் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் மேலே தனியாகப் பால் காய்ச்சிய அன்று, "அடுப்பு ரெண்டானா இன்னா, நெட்டு ஒண்ணுதானே" என்று அண்ணன் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்துக்கொண்டே எதையாவது சொன்னால் நான் இரண்டு நாள் அதையே அசைபோடுவேன். அப்பா போனபோது நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் பார்த்து என்னைப் படிக்க வைத்தது அவர்தான். யார் மனசு கோணினாலும் பரவாயில்லை, அவர் மனசு கோணக் கூடாது.

கீழ் வீட்டுச் சிக்னல் மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. எனக்கோ வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்க யாரிடமாவது கணக்கு விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் கீழேயிருந்து ஒரு ஒயரை இழுத்து, மாடி பீரோவின் மேல் இன்னொரு ரவுட்டரை மாட்டினேன். அதற்கும் அப்பா பேரையே வைத்தேன், அதே ஓர் எழுத்துக் குறையோடு. அண்ணன் மேலே வந்து போனைப் பார்த்தார். "இங்கயும் அப்பா புல்லா கீறாரு!" என்று அவர் சந்தோஷப்பட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. மாடி நெட் போக ஆரம்பித்தது. ஒரேயடியாகப் போனாலும் ஒரு நியாயம் இருக்கும். இது போகும், வரும், நன்றாக இருப்பது மாதிரி நடிக்கும், நான் மீட்டிங்கில் வாயைத் திறந்ததும் போய்விடும். என் மேனேஜர், "உங்க ஊர்ல கரண்ட் இருக்கா சார்?" என்று கேட்க ஆரம்பித்தார். ஏதோ நான் அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாக அவருக்கு நினைப்பு.

என் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம். மாமனாரைப் பேர் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். அதனால் நெட் போனதும், "ஏங்க, மாமா போயிட்டாரு!" என்று குரல் கொடுப்பாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா ஒருநாள் இதைக் கேட்டுவிட்டுப் பதறி ஓடிவந்தார். "எப்பம்மா?" என்றார், கண்ணெல்லாம் கலங்கி. "இப்பத்தான்க்கா. காலையிலேர்ந்து இது நாலாவது தடவை" என்றாள் இவள். அந்த அம்மாவின் முகத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

நான் சும்மா இருப்பேனா? அணைத்துப் போட்டேன். அடாப்டரை மாற்றினேன். ஒயரைப் பிடுங்கிப் புது ஒயர் இழுத்தேன். பீரோவிலிருந்து இறக்கி ஜன்னலில் வைத்தேன், ஜன்னலிலிருந்து எடுத்து ஆணியில் தொங்கவிட்டேன். கஸ்டமர் கேரில் ஒரு பெண், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொன்னாள். கடைசியில் அண்ணி மேலே வந்து, "கண்ணு பட்டுப்போச்சு தம்பி" என்று ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டுப் போனார். எலுமிச்சம்பழம் வாடியது. நெட் திருந்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி எடுத்தபடி போனில், வீட்டு வைஃபையிலேயே, நண்பனோடு வீடியோவில் பேசினேன். ஒருமுறைகூடக் கட் ஆகவில்லை. பேசிக்கொண்டே இறங்கி என் மேஜைக்கு வந்தேன், போய்விட்டது. என் மேஜை இருப்பது மாடிப்படியை ஒட்டி. சட்டென்று ஒரு சந்தேகம். மனைவியை வீடியோவில் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே படி இறங்கினேன். படி திரும்புகிற இடத்தில் கட். ஏறினேன். அதே இடத்தில் கட். மறுபடி இறங்கினேன். "இன்னா தம்பி, மேலயும் கீயயும் ஓடிக்கினே கீறே, வயிறு சரியில்லியா?" என்றார் அண்ணி.

விஷயம் இதுதான். கீழேயிருந்தும் அப்பா கூப்பிடுகிறார், மேலேயிருந்தும் அப்பா கூப்பிடுகிறார். பேர் ஒன்று, பெட்டி இரண்டு. படியோரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு வருவதால், லேப்டாப் இவரை விட்டு அவரிடமும், அவரை விட்டு இவரிடமும் தாவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் என் மீட்டிங் ஒன்று பலி. நண்பன் சொன்னபடி செட்டிங்கில் வேறு என்னென்னவோ செய்து பார்த்தேன். என் பழைய ரவுட்டர் எதற்கும் மசியவில்லை.

"மாடிக்கு வேற பேர் வச்சிருங்க, முடிஞ்சுது" என்றாள் மனைவி.

அவளுக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். நெட் ஒண்ணுதானே என்று சிரித்த மனுஷன் போனைத் திறந்தால், அப்பா பேருக்குக் கீழே இன்னொரு பேர் வந்து நிற்கும். தம்பி அடுப்பைப் பிரித்தான், இப்போது அப்பா பேரையும் மாடியிலிருந்து எடுத்துவிட்டான். அப்படித்தானே படும்? "உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துங்களேன்" என்றாள். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மேனேஜர் மறுபடி கரண்டைப் பற்றி விசாரித்த அன்று, வந்த ஆத்திரத்தில், அண்ணன் ஷிப்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் பேரை மாற்றினேன். வாயில் வந்தது 'மாடி'. அதையே அடித்தேன். சாயங்காலம் வரைக்கும் ஒரு நொடிகூடக் கட் ஆகவில்லை. நல்ல செய்திதான், ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் வீடு திரும்பிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அண்ணியின் குரல்: "தம்பி, இது இன்னா புச்சா ஒரு பேரு வந்து கீது?" பிறகு படியில் அண்ணனின் செருப்புச் சத்தம்.

என்னென்ன சொல்வது என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவர் வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். போனில் 'மாடி' என்பதைத் தொட்டார். அது பாஸ்வேர்ட் கேட்டது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்துவிட்டார், கீழே எப்போதும் போடுகிற அதே பாஸ்வேர்டை. போன் கொஞ்சம் யோசித்தது.

"ஏறிடுச்சு" என்றார்.

பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறொன்று வைத்திருப்பேன் என்று அவருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் அடுக்கி வைத்ததை விட மனசில்லாமல், இரண்டு ரவுட்டர், ஒரே பேர், படி திரும்புகிற இடம் என்று கடகடவென்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். "இன்னாத்துக்குடா எனக்குக் கிளாஸ் எடுக்கிறே? அதான் ஏறிடுச்சே" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "சக்கரை கம்மியா ஒரு டீ போடும்மா" என்றார்.

இப்போதெல்லாம் ஷிப்ட் முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு நேராக மேலே வந்துவிடுகிறார். "கீய நெட்டு சுத்திக்கினே கீதுடா, ஒண்ணும் ஓட மாட்டேங்குது" என்று ஒரு காரணமும் சொல்கிறார். ஒருநாள் அவர் இல்லாதபோது கீழே போய்ச் சோதித்துப் பார்த்தேன். பழுது என்றால் எனக்குக் கை சும்மா இருக்காதே. எல்லா மூலையிலும் நெட் பறந்தது. மேலே வந்து, டீக்குப் பால் இருக்கிறதா என்று மட்டும் மனைவியிடம் கேட்டேன்.