சின்னமனூர் வாய்க்கால் கரையில் காப்புக் கட்டிய அன்று

அம்மை வந்து எழுந்த ஆளை எங்கே நடக்கக் கூட்டிப் போகலாம் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மேடு கூடாது, நிழல் வேண்டும், நடுவில் டீ கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு நான் நடந்திருக்கிறேன். இடம் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள சின்னமனூர். எண்பதுகளின் தொடக்கம், ஆடி மாதம்.

அப்போது நாங்கள் மதுரையில் குடியிருந்தோம். என் கணவருக்கு அம்மை போட்டு, மூன்று தண்ணீர் ஊற்றி, ஆள் துரும்பாகிக் கிடந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. வியாழக்கிழமைக்குள் சேர வேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். நான்கு வருடம் காத்திருந்து வந்த வேலை. என் மாமியாருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "அவன் கூட வந்து சேத்துவிட்டாப் போ. தனியா அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஆக, என் கணவர் புதன்கிழமைக்குள் பஸ்ஸில் உட்காரும் அளவுக்குத் தேற வேண்டும். சாரல் காற்றில் நாலு எட்டு நடந்தால் தெம்பு வரும் என்று, சின்னமனூரில் இருந்த மாமியாரின் தங்கை வீட்டுக்கு மூன்று பேரும் கிளம்பினோம்.

மதுரையிலிருந்து தேனிக்கு இரண்டரை மணி நேரம். தேனியில் பஸ் மாறினால் சின்னமனூர் இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர். அன்றைக்கு டிக்கெட் ஒன்றேமுக்கால் ரூபாய். வீரபாண்டி தாண்டியதும் ஜன்னல் வழியே காற்று அடித்தது பாருங்கள், மூன்று வாரம் வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்திருந்த எனக்கே உயிர் வந்தது.

திங்கட்கிழமை ஊருக்குப் பின்னால் வெற்றிலைக் கொடிக்கால்கள் வழியாக ஆற்றங்கரை வரை போனோம். போக வர மூன்று கிலோமீட்டர் இருக்கும். பாதை சமதளம், இரண்டு பக்கமும் அகத்தி நிழல். கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு நுழையாதீர்கள், அங்கே வேலை செய்கிறவர்கள் சத்தம் போடுவார்கள். என் கணவர் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார், ஆனால் திரும்பி வந்து ஐந்து இட்லி சாப்பிட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வாய்க்கால் கரையைப் பிடித்தோம். இரண்டு நடையில் நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். நாலு கிலோமீட்டரும் வாய்க்கால் கூடவே வரும், வழி தவற நினைத்தாலும் முடியாது. ஒரு பக்கம் நாற்று, ஒரு பக்கம் தென்னை, தலைக்கு மேல் மேற்கு மலையிலிருந்து பொடிப்பொடியாகச் சாரல். மாமியார் முதல் அரை மணி நேரம் முழங்கால் வலி என்றார். அப்புறம் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

பாதை ஒரு சின்னப் பாலத்தில் முடியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். இந்தப் பக்கம் கரையோரமாக ஒரு டீக்கடை, வாசலில் ஒரு பெஞ்சு. கடைக்காரி பேச்சியம்மாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். ஊருக்குள் வேப்பிலைத் தோரணம் தெரிந்தது, கொட்டுச் சத்தம் கேட்டது. "என்னன்னு பாத்துட்டு வாரேன்" என்று என் கணவர் பாலத்தைத் தாண்டிப் போனார். நானும் மாமியாரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். கொட்டு ஏறிக்கொண்டே போய், குலவைச் சத்தம் எழுந்து, சட்டென்று அடங்கியது.

"அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிட்டாக" என்று பேச்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் எங்களைப் பார்த்தாள். "நீங்க எந்த ஊரு மதினி? காப்புக் கட்டையில ஊருக்குள்ள இருந்தவுக, அடுத்த புதன் வரைக்கும் ராத்தங்க வெளிய போகக் கூடாதே!"

மாமியார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பாலத்தைப் பார்த்தார். அடுத்த புதனா? நாளை மறுநாள் வியாழக்கிழமை, வேலைக்கு யார் போவது?

"நாங்க வெளியூரு. இது எங்களைக் கட்டாது" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றார் மாமியார். "போன மாசந்தான் ஆத்தா எம்பிள்ளை மேல எறங்கிட்டுப் போயிருக்கா. மறுபடி அவ கண்ணுல விரலை விட்டு ஆட்டச் சொல்றியா?"

நான் படித்தவள்தான், இதையெல்லாம் நம்பாதவள்தான். ஆனால் அந்த மூன்று வாரமும் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் நான்தானே? வேலை போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பூசாரியே டீ குடிக்க வந்தார். கூடவே என் கணவர், சட்டையெல்லாம் மஞ்சள் தண்ணீரோடு, வாயெல்லாம் பல்லாக. பூசாரியிடம் நான் விஷயத்தைக் கொட்டினேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"காப்புக் கட்டையில நீங்க எங்கன இருந்தீக?"

"இங்கனதான், டீக்கடையில."

"வாய்க்காலுக்கு அங்கிட்டுத்தான ஊரு. இது சேராதே" என்றார்.

பேச்சியம்மாள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "என்ன மாமா பேசுறீக? வருசா வருசம் கோயில் வரி குடுக்கேன். மொளப்பாரி எடுக்கேன். எங்கடை ஊருக்கு வெளியவா? அப்பிடின்னா நாளைக்கு எனக்கு மாவெளக்குக் கெடையாதா?"

போச்சுடா என்று நினைத்தேன். கடை ஊருக்குள் என்றால் என் வேலை போகும், ஊருக்கு வெளியே என்றால் அவள் மாவிளக்குப் போகும். பேச்சியம்மாள் விட்டுக்கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லை. அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

பூசாரி டீயை முழுசாகக் குடித்தார். எழுந்து போய்க் கரையில் நட்டிருந்த ஒரு எல்லைக் கல்லைக் காலால் தட்டினார். "ஒங்கடை நம்ம ஊருதான் ஆத்தா, யாரு இல்லைன்னா? ஆனா பெஞ்சு கல்லுக்கு இங்கிட்டுல்ல கெடக்கு? இது பீடபிள்யூடி சர்க்கார் எடம். எந்த ஊருலயும் சேத்தி இல்ல." எங்களைப் பார்த்துக் கேட்டார், "கடைக்குள்ள போனீகளா?"

"இல்லவே இல்லை" என்று நானும் மாமியாரும் ஒரே குரலில் சொன்னோம்.

"அப்ப ஒங்க ரெண்டு பேத்தையும் காப்புக் கட்டாது. தாராளமாப் போங்க."

அப்பாடா! அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பேன். பேச்சியம்மாளுக்கும் முகம் மலர்ந்துவிட்டது, இன்னொரு டீ போட்டாள். அப்போதுதான் பூசாரி என் கணவர் பக்கம் திரும்பினார். "தம்பி எங்கன நின்னீக?"

"கோயிலுக்குள்ளங்க. உங்களுக்கு நேர் முன்னால."

"ஓ! அப்ப தம்பி நம்ம ஊரு ஆளு" என்றார் பூசாரி. அத்தனை பேரும் சிரித்தார்கள், மாமியாரையும் என்னையும் தவிர.

அவருக்கு மெடிக்கல் லீவு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பேச்சியம்மாள் தன் வீட்டில் அவருக்குத் தரப்போகிற தின்பண்டத்தையெல்லாம் அப்போதே சொல்லி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் அங்கேயே இருந்துவிடலாம். என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்லை. திரும்பி வந்த நாலு கிலோமீட்டரும் மாமியார் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்குச் சிலது சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு துண்டு இருக்கட்டும், சாரலுக்குக் குடை தாங்காது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது வழுவழுப்பான படிகளில் இறங்காதீர்கள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம். ஊர் எல்லையில் வேப்பிலை கட்டியிருந்தால், காப்புக் கட்டியாச்சா என்று கேட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டுங்கள். கட்டின பிறகு போகிறவர்கள் விருந்தாளிதான், பயமில்லை.

புதன்கிழமை விடிகாலை, போக முடியாது என்று தெரிந்தும் என் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் குளித்து, தலை வாரி, கையில் ஒரு மஞ்சப் பையோடு வந்து நின்றார். மகனைப் பார்க்கக் கிராமத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன். "கெளம்புத்தா, தேனி பஸ் வந்திரும்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து ஊர் உத்தமபாளையத்துக்குக்கூடத் தனியாகப் போய் வராதவர், தஞ்சாவூருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார். என்னால் நம்பவே முடியவில்லை.

"அங்கன உங்க பிள்ளை தனியா இருப்பாரே, அத்தை?" என்று கேட்டேன்.

"அவனுக்கு என்ன? ஒரு ஊரே இருக்கு, ஆத்தா இருக்கா" என்றார் வெளியே பார்த்துக்கொண்டே. "ஒனக்கு யாரு இருக்கா?"