தொண்டையில் நீலம்

என் அம்மாவுக்குப் பல்லியைக் கண்டாலே ஆகாது. அடுக்களைச் சுவரில் ஒன்று தலைகாட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நிற்பாள். அப்படிப்பட்டவள் ஒரு பிற்பகல் முழுக்க ஓர் ஓணானைக் கையில் பிடித்தபடி அப்பாவின் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் அந்த ஓணானை முதலில் பார்த்தவர் அவர்தான். அதன் சாதியைச் சேர்ந்த மற்ற ஓணான்களுக்குத் தொண்டையில் நீலத் திட்டு உண்டு; இதற்கு இல்லை, ஆகவே இது யாரும் அறியாத புது இனம் என்பது அவர் முடிவு. அதை எழுதி முடிப்பதற்குள் சர்க்கரை நோய் அவர் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவி நடந்தார். நான் அப்போது நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் படித்த ஒருவர் அதே தேரிக்காட்டில் அந்த வகை ஓணான் ஒன்றைப் பிடித்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் அங்க அடையாளங்களைப் பார்த்துச் சொல்லும்படி அப்பா அம்மாவிடம் கேட்டார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பாட்டிலுக்குள் கையை விட்டாள்.

“முதுகுல வரிசையா டைமன் டைமனா இருக்கு. செங்கல் நிறம். ரெண்டு ஓரத்துலயும் வெள்ளைக் கோடு.”

“செதிலு?”

“சொரசொரப்பா இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு வரப்பு மாதிரி.”

அப்பா கை நீட்டி அதன் பின்னங்கால் விரலைத் தடவினார். விரலோரத்தில் சீப்புப் பல் போலச் செதில்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதை இரண்டாம் முறையும் தடவினார்.

“தொண்டையப் பாரு. நீலம் இருக்கா?”

அம்மா சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இருக்கு.”

“நல்லாப் பாத்துச் சொல்லுளா.”

“நல்லாத்தான் பாக்கேன். மயில் கழுத்து நீலம். பளிச்சுன்னு தெரியுது.”

அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அம்மா அழுதாள், ஓணானை மட்டும் விடவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் பொங்கியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். தலை, தோள், கை, முழங்கால் என்று மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

“எங்கயும் அடிகிடி படலியே, பாப்பா?”

“இன்னைக்கு நான் வெளயாடவே போகலப்பா” என்றேன். அவர் என் கையை வெகுநேரம் விடவில்லை.

அந்த ஓணான் பின்னால் புது இனம் என்றே ஆயிற்று. அப்பா விரலில் தட்டுப்பட்ட சீப்புச் செதில் வேறு எதற்கும் இல்லையாம். வெளியான விவரிப்பில் தொண்டை நீலம் என்று அம்மா சொன்னபடியே இருக்கிறது.

அம்மா அழுதது கண்டுபிடிப்பு கைவிட்டுப் போன துக்கத்தில் என்றுதான் அன்று நான் நினைத்திருந்தேன். சர்க்கரை சிலர் கண்ணில் முதலில் நீலத்தைத்தான் தின்னும் என்பது எனக்குத் தெரியாது. தேரிக்காட்டில் அவர் நீலம் இல்லாத ஓணானைப் பார்த்து வந்த அந்த வருடம் முழுவதும், துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகளுக்கு நடுவே, தினமும் என்னைப் பைக்கில் வைத்துப் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போனவர் அப்பாதான்.