அத்தானின் தொழில்

சிட்னியில், செவன் ஹில்ஸில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளைக்கு மணி அடித்த நேரம் அக்கா அழைத்தார். "அத்தான் எழும்புறார் இல்லை" என்று மட்டும் சொன்னார். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவராம். நான் பென்டில் ஹில்லில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்புலன்ஸ்காரர்கள் தங்கள் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் அக்காவின் கணவர் யோகராசா போய்விட்டார்.

அன்று பின்னேரமே கனடாவிலிருந்து எங்கள் பெரியண்ணை அழைத்தார். மரண அறிவித்தலும் அஞ்சலித் தாளும் தானே பார்ப்பதாகச் சொல்லி விபரம் கேட்டார். பிறந்த இடம், வாழ்ந்த இடம், மகளின் பெயர் எல்லாம் சொன்னேன். "தொழில் என்னெண்டு போட?" என்றார். "நீங்களே பாத்துப் போடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் சொன்ன அந்த மூன்று சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தான் பிளம்பர். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணாமல், கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனவர். எங்கள் ஊரில் அதை 'டெக்' என்போம். சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். அவருடைய தகப்பனார் அயலட்டைக்கெல்லாம் மகன் எக்கவுண்டன்சி படிக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தாராம். லீவுக்கு வரும்போது கையில் ஒரு கணக்கியல் புத்தகத்தோடுதான் பஸ்ஸால் இறங்கவேண்டும் என்பது தகப்பனின் கட்டளை. மூன்று வருடமும் அதே புத்தகம்தான், ஒரு பக்கமும் வாசிக்கவில்லை என்று அத்தான் சொல்லிச் சிரிப்பார்.

சண்டை மூண்டதும் ஜேர்மனிக்குப் போனார். அங்கே கிழமையில் சில நாள் தொழிற்பள்ளி, மிச்ச நாள் பட்டறை. வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்தவன் ஒரு வங்கி மனேஜரின் மகன். உனக்குப் படிப்பு ஓடவில்லையா என்று அத்தான் அவனை நேரே கேட்டுவிட்டாராம். அவன் கோபிக்கவில்லை. இதுதானே படிப்பு, வேறு எதைக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டானாம். அன்றைக்குத்தான் தன் முதுகு நிமிர்ந்தது என்று அத்தான் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அக்காவைக் கலியாணம் செய்து சிட்னிக்கு வந்தபிறகு இங்கும் சோதனை எழுதி லைசென்ஸ் எடுத்தார். வானின் இரண்டு பக்கமும் தன் பெயரைப் பெரிதாக எழுதுவித்தார். அக்காவுக்கு அந்த வான் வாசலில் நிற்பதே பிடிக்காது. கோயிலுக்குக் காரில்தான் போவார்கள்.

ஒருமுறை அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "ஜேர்மன்காரனிட்ட பிளம்பர் எண்டு சொன்னா எங்க படிச்சனீர் எண்டு கேப்பான். இஞ்சத்தை வெள்ளைக்காரன், சனிக்கிழமை வரேலுமோ எண்டு கேப்பான். எங்கட ஆக்கள், அப்ப பிள்ளையள் என்ன செய்யினம் எண்டு கேப்பினம்."

இத்தனைக்கும் நான் ஒரு ஆசிரியை. தொழில் பழகப் போகிறேன் என்று பிள்ளைகள் சொன்னால், அது நல்ல வழி என்று வெள்ளைக்காரப் பெற்றோருக்கு அரைமணி நேரம் விளக்குவேன். தமிழ்ப் பெற்றோர் வந்தால் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். வீட்டில் இன்னும் மோசம். அத்தானின் மகள் துளசியின் கலியாண அழைப்பிதழை எழுதியவள் நான். மாப்பிள்ளை வீடு முழுக்க டொக்டர்கள். அக்கா கேட்டுக்கொண்டபடி 'பொறியியலாளர் யோகராசா' என்று எழுதி அச்சுக்குக் கொடுத்தேன்.

அழைப்பிதழ்ப் பெட்டி வந்து இறங்கியதும் அத்தான் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இந்த எஞ்சினியர் ஆர் பிள்ளை? எனக்குத் தெரிஞ்ச ஆளோ?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. வானுக்குள் கிடந்த, அளந்து கோடு போடும் இரும்பு அடிமட்டத்தையும் ஒரு நீலப் பேனையையும் எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் இருந்தார். ஒவ்வொரு அழைப்பிதழிலும் அந்தச் சொல்லுக்கு மேலால் நேர்கோடு இழுத்து, பக்கத்தில் 'பிளம்பர்' என்று எழுதினார். முடிக்க இரண்டு பின்னேரம் பிடித்தது. கலியாணம் நிற்கவில்லை, மாப்பிள்ளை வீட்டார் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அக்காதான் இரண்டு கிழமை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. கேட்காமலே பதினொரு வருடம் அவர் வீட்டில் சாப்பிட்டேன்.

இறுதிக்கிரியை அன்று மண்டப வாசலில் அஞ்சலித் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. பெரியண்ணை இங்கே ஒரு அச்சகத்துக்கு அனுப்பிச் செய்வித்தவை. எடுத்துப் பார்த்தேன். 'ஓய்வுபெற்ற பொறியியலாளர்.' அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

அக்கா முன்வரிசையில் இருந்தார். தாளை வாங்கி வாசித்தார். நேரம் எடுத்து வாசித்தார். பிறகு தன் கைப்பையைத் திறந்து அந்த இரும்பு அடிமட்டத்தை வெளியே எடுத்தார். சவப்பெட்டிக்குள் அத்தானோடு வைக்கவென்று கொண்டுவந்திருக்கிறார்.

"பேனை இருக்கோ? இருந்தா நீயும் வந்து இரு" என்றார்.

அக்கா கோடு இழுக்க நான் எழுதினேன். கோடுகள் அத்தானுடையவை போல நேராக வரவில்லை. வந்தவர்கள் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டோம். ஐயர் கூப்பிடும்வரை எழுதினோம். முடியாத தாள்கட்டைத் துளசி வாங்கிக்கொண்டுபோய் எழுதத் தொடங்கினாள்.

பெட்டி மூடுமுன் அக்கா அடிமட்டத்தை அத்தானின் சட்டைப் பையில் செருகினார். நான் என் கையில் இருந்த தாளை அவர் நெஞ்சில் வைத்தேன், எழுத்து அவர் பக்கம் தெரிய.

பிழையாக எழுதினது நான்தான், அத்தான். திருத்தியிருக்கிறேன், பாருங்கோ. போய்ட்டு வாங்கோ.