சுவருக்கு வெளியே ஒரு குழாய்

தொண்டாமுத்தூருக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு வீடு. ஞாயிற்றுக்கிழமை கறி சமைக்க, விருந்தாளிகள் வந்தால் பெரிய சட்டி வைக்க என்று வீட்டின் பின்பக்கம் புதிதாக ஒரு வெளிச் சமையலறை கட்டியிருந்தார்கள். கிரானைட் மேடை, ஓட்டுக் கூரை, சுற்றிலும் இடுப்பளவுச் சுவர். அதற்குப் பைப்பு போடும் வேலை எனக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு சிங்க்குக்கு இரண்டு குழாய் வேண்டும். ஒன்றில் ஊர்க் குழாயில் வரும் நல்ல தண்ணீர், குடிக்கவும் உலை வைக்கவும். இன்னொன்றில் போர்வெல் தண்ணீர், உப்பு, பாத்திரம் கழுவ. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், எதையும் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை. இரண்டும் மாறிப் போய்விடுமோ என்ற பயத்தில் நல்ல தண்ணீர்ப் பைப்பில் அடிக்கு ஒரு தரம் சிவப்புப் பெயின்ட் தடவுவேன். அப்புறமும் பயம் போகாது. ஒட்டின இடத்தையே மூன்று தரம் தொட்டுப் பார்ப்பேன்.

இரண்டாம் நாள் வீட்டுக்குச் சொந்தக்காரரான தோட்டத்துக்காரர் வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கொழாய் வச்சுருங்க. தோப்பு வேலைக்கு வர்ற பொம்பளைங்களுக்கு. கை கால் கழுவ, குடிக்க."

"வச்சர்றனுங்க. நல்ல தண்ணி லைன் செவுத்த ஒட்டித்தான் போகுது. ஒரு டீ ஜாயின்ட் போட்டுப் பிரிச்சாப் போதுமுங்க."

"அது வேண்டாங் கண்ணு. உப்புத் தண்ணியே குடுங்க."

"குடிக்கறதுக்குன்னு சொன்னீங்களேங்க."

"அவிங்களுக்கு அது பழக்கந்தானுங்க. நல்ல தண்ணியத் தொறந்து உட்டா எந்தத் தொட்டி தாங்குமுங்க? தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு."

வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க'. அதட்டிச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. என் அம்மா இதே போல ஒரு தோப்பில் தேங்காய் பொறுக்கியவள். அந்தத் தண்ணீர் அவளுக்கும் பழக்கம் என்று யாரோ ஒருவர் இப்படித்தான் சிரித்துக்கொண்டே முடிவு செய்திருப்பார்.

மத்தியானம் வரைக்கும் உள்பக்க வேலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டேன் என்றால் இவருடைய சொந்தக்காரர்கள் ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அந்தக் கவலையில் பசை டப்பாவைத் திறந்தபடியே வைத்ததில் பிரஷ்ஷே காய்ந்துபோனது. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அந்தக் கொழாய நான் வைக்க மாட்டனுங்க. வேற ஆளப் பாத்துக்கங்க."

"அதுக்கென்னுங்க, பாத்துக்கலாம். காப்பி குடிச்சுபோட்டுப் போங்க."

அதுதான் அவரிடமிருந்து வந்த பதில். ஒரு சுருக்கம்கூட இல்லை அந்த முகத்தில். காப்பி குடிக்காமல் வண்டியை எடுத்தேன். வீடு போகும் வரைக்கும் அவரிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

கோபத்தில் ரென்ச்சை அங்கேயே விட்டிருந்தேன். மூன்று நாள் கழித்து எடுக்கப் போனபோது வேலை முடிந்திருந்தது. சுவருக்கு வெளியே குழாய். தோப்பு வேலைக்காரப் பெண்கள் இரண்டு பேர் அதில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மணி, அதக் குடிச்சுராதீங்க. உப்புத் தண்ணி," என்றேன்.

"தெரியாதுங்களா எங்களுக்கு?" என்றாள் மூத்தவள். "ஊட்டுலிருந்து பாட்டில்ல கொண்டாறோம். பத்து மணிக்கே தீந்துபோவுது. அப்பறம் இதேதான்."

மற்றவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கோவிச்சுட்டுப் போன பைப்புக்காரரு நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"கோவத்த உள்ள வச்சுக்கிட்டு, போற நல்ல தண்ணி லைன்ல கமுக்கமா ஒன்னப் பிரிச்சு உட்டிருக்கலாமுல்லங்க? உங்குளுக்கு ரோசம் வந்துருச்சு, போயிட்டீங்க. அடுத்து வந்தவருக்கு ஒன்னுமே வரல, சொன்னதச் செஞ்சுபோட்டுப் போயிட்டாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"தோணலீங்க," என்றேன்.

பொய் இல்லை, தோன்றவில்லை. இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தோட்டத்துக்காரர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அவரை நினைத்துத் திட்ட ஆரம்பித்தால், பாதியிலேயே அந்தத் திட்டு என் பக்கம் திரும்பிவிடுகிறது.