மதினி செய்த கொழும்பு வாட்ச்

“ஃபேன நிப்பாட்டுங்க” என்று சொல்லிவிட்டு நாச்சியார் மதினி வலது கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு மேசைமேல் குனிவாள். அதன்பிறகு வீட்டில் ஒருவரும் தும்மக் கூடாது. கடுகில் பாதி இருக்கும் திருகு ஒன்று அவளுடைய சாமண இடுக்கியின் நுனியில் நிற்கும். அது தெறித்து விழுந்தால் மூன்று நாளைக்கு வீடு பெருக்க முடியாது. பெருக்கினாலும் குப்பையை மாவு சலிக்கிற சல்லடையில் சலித்த பிறகே தெருவில் கொட்டலாம். ஒருமுறை என் அண்ணன் குத்தாலிங்கம், ஒத்தாசையாக இருக்கட்டும் என்று காந்தம் வாங்கிவந்தான். “வாட்ச் பக்கத்துல காந்தத்தக் கொண்டாரலாமா? ஒங்களுக்கு எவன் படிப்பு சொல்லிக்குடுத்தான்?” என்று கேட்டவள், பிறகு ஒரு வாரம் அவனிடம் பேசவில்லை.

மதினிக்கு முப்பத்தெட்டு வயது. தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அது சம்பளத்துக்கு. மற்ற நேரமெல்லாம் பழைய காலத்துக் கைக்கடிகாரம் மாதிரியே புதிதாகச் செய்துகொண்டிருக்கிறாள். விற்பதற்கில்லை. பஜாரில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பரீது பாயிடம் செத்துப்போன வாட்சுகளைக் கைநிறைய அள்ளி வருவாள். பழைய கூட்டுக்குள் நன்றாக ஓடும் இயந்திரத்தைப் பொருத்துவாள். பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி டயல் செய்து, எனாமல் பூசி, மூன்றே மயிர் உள்ள தூரிகையால் எண்களை எழுதுவாள். எல்லாம் பளபளவென்று முடிந்ததும் டீத்தண்ணீர் கொதிக்கவைத்து, அதைத் தடவித் தடவிப் பழுப்பாக்குவாள்.

“புதுசா செஞ்சத எதுக்கு மதினி பழசாக்குதிய?” என்று கேட்டேன்.

“சொன்னா ஒங்களுக்கு வெளங்காது.”

வீட்டில் இப்படிப் பதினொரு வாட்ச் இருக்கிறது. மதினியின் கையில் ஒன்றுகூடக் கிடையாது. டூட்டிக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளிடம் மணி கேட்டுவிட்டுப் போவாள்.

எண்பத்திரண்டில் சாரல் விழத் தொடங்கிய நேரம், திருநெல்வேலியில் எனக்கு ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வு. அப்பா கொழும்பில் கடையில் இருந்த காலத்தில் முதல் சம்பளத்தில் வாங்கிய வாட்சைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். தேர்வு முடிந்து திரும்பியவன் வீட்டுக்குப் போகாமல் சிநேகிதர்களோடு குற்றாலம் போனேன். மெயின் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் மணிக்கட்டு மொட்டையாக இருந்தது.

அப்பாவிடம் சொல்லத் துணிவில்லை. “சர்வீஸ் பண்ண பரீது பாய்ட்ட குடுத்திருக்கேன்” என்றேன். அன்று சாயங்காலமே மதினியிடம் போய் நின்றேன்.

“அதே மாதிரி செஞ்சு தாரேன். ஆனா அவசரப்படுத்தப்பிடாது” என்றாள்.

ஒரு மாதம் ஆகும் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆயிற்று. அப்பாவின் வாட்சில் விநாடி முள் கீழே ஒரு சின்ன வட்டத்தில் தனியாக ஓடும். அப்படிப்பட்ட இயந்திரம் தேடி அண்ணனை இரண்டு முறை புனலூருக்கு அனுப்பினாள். பிறகு நிறம். ஒன்பது டயல் செய்து ஒன்பதையும் தூக்கிப் போட்டாள். எனக்கு ஒன்பதும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

“இது வெறும் மஞ்ச. மாமாவோடது வடிச்ச கஞ்சி காஞ்ச நெறம்” என்றாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அப்பா வெள்ளிக்கிழமைதோறும் குடையை எடுத்துக்கொண்டு பரீது பாய் கடைக்குப் போய் நின்றார். நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் அந்த மனிதர், “பம்பாயில இருந்து ஒரு ஸ்பிரிங் வரணும் அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாலாம் மாதத்திலிருந்து குடையைத் தூரத்தில் பார்த்தாலே பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். ஆறாம் மாதம் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, கடைக்கு வந்தவங்க முன்னால ஒங்க அப்பா என்னக் களவாணின்னுட்டாரு. முப்பது வருசமா இங்கன உக்காந்திருக்கேன்” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஓடிவந்து மதினியிடம் சொன்னேன்.

“டயல் இன்னும் காயலியே” என்றாள்.

தை மாதம் ஒருவழியாக வாட்ச் அப்பா கைக்குப் போனது. காதில் வைத்துக் கேட்டார், கட்டிக்கொண்டார். நாலு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“போலீஸ் ஸ்டேசன் வரைக்கும் போயிட்டு வாரேன். பரீது டயல மாத்திட்டான். ஏழாம் நம்பர் நேரா நிக்கி. என் வாட்ச்ல ஏழு அப்படி நிக்காது.”

“விடுங்கப்பா, ஓடுதுல்லா” என்றான் அண்ணன்.

மதினி அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதமாக வீடே கட்டிக்காத்த ரகசியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

“பரீது பாய் மேல பழி போடாதிய மாமா. அது ஒங்க வாட்சே இல்ல. தம்பி அருவில தொலச்சிட்டாவ, நான் செஞ்சு குடுத்தது. ஏழு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்?”

அண்ணன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். அப்பா வாட்சைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“கழத்தி வச்சிட்டுக் குளிக்கணும்னு தோணலையால?”

நான் மதினிக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

“காலைல என்கூட வா. பரீதுட்ட ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லணும்.” சட்டைப் பித்தானைக் கழற்றியபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மதினி பக்கம் திரும்பினார். “வலப்பக்கம் சாஞ்சிருக்கும். அடியில லேசா ஒரு வளவு.”

“எம்புட்டு வளவு?”

“பேப்பர் கொண்டா. வரஞ்சு காட்டுதேன்.”

“மதினி, இருக்கட்டும் மதினி, நல்லாத்தான இருக்கு” என்று நான் கெஞ்சினேன். யார் காதிலும் விழவில்லை. அப்பா கையை நீட்டினார். மதினி காப்பியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வாட்சின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.